துரு தின்ற நம்பர்

பொன்னேரி தாலுகா ஆபீசுக்கு எதிரே மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். அனுப்பம்பட்டிலிருந்து தினமும் ரயிலேறி வருகிறேன். பட்டா, வாரிசுச் சான்று, ரேஷன் கார்டு, எதைக் கேட்டாலும் எழுதுவேன். எழுதத் தெரிந்தவன் என்கிற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. அந்தத் திமிர் லைட்ஹவுஸ் குப்பத்துத் தேவேந்திரனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

தேவேந்திரனுக்கு வயது நாற்பத்தாறு. ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். அவருடைய இன்ஜினைப் பார்த்தால் நேற்றுதான் கடையில் வாங்கியது போலிருக்கும். உப்புக்காற்றில் இரும்பு ஒரு வாரம் தாங்காத ஊர் அது. மற்றவர்கள் கரையேறியதும் வலையைப் பிரிப்பார்கள். இவர் துரு தேய்க்கிற எமரித்தாளை எடுத்துக்கொண்டு இன்ஜின் தண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். தேய்த்துத் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி ஆனபிறகுதான் கிரீஸ் தடவுவார். "பொண்டாட்டி முகத்தக்கூட இப்டிப் பார்க்கமாட்டாரு" என்று அவர் மனைவி மாலாவே கேலி செய்வாள்.

அவருடைய அப்பா கோதண்டம் ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். ஒற்றைக் குழல், முறையான லைசென்ஸ். குப்பத்தை ஒட்டிய ஏரியில் வாத்து சுட வரும் பெரிய மனிதர்களுக்கு வாலிபத்தில் படகு தள்ளியவர் அவர். அப்போது பிடித்த பைத்தியம். பறவை சுடத் தடை வந்தபின் அது ஒருமுறைகூட வெடிக்கவில்லை. ஆனாலும் கிழவர் விடவில்லை. துப்பாக்கியின் உடைந்த மரக்கட்டையை எடுத்துவிட்டுப் படகு செய்யும் ஆசாரியிடம் புதுக்கட்டை போட்டார், பிடியில் வலைநூலைச் சுற்றினார், கெடு தவறாமல் லைசென்சைப் புதுப்பித்தார். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைப்பார். முடிந்ததும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையைக் கூட்டி வருவதுபோல வாங்கி வருவார். கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தார். துப்பாக்கியும் பரணில் கிடந்தது. போன ஆடியில் கிழவர் போய்ச் சேர்ந்தார்.

லைசென்ஸ்காரர் செத்தால் வாரிசு துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். தேவேந்திரனுக்கும் அதை வைத்துக்கொள்ளும் ஆசை துளியும் இல்லை. அவருக்கு இருந்த ஆசையெல்லாம் மகள் பூவிழிதான். அவள் காவலர் தேர்வில் எழுத்து, ஓட்டம் எல்லாம் தாண்டிவிட்டாள். வீட்டுக்கு விசாரணைக்கு வருவது ஒன்றுதான் பாக்கி. அதற்குள் துப்பாக்கி வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்று ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்.

"லைசென்ஸ்ல இருக்கிற நம்பரும் துப்பாக்கில இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு பார்த்து, குறிச்சுகினு வாப்பா" என்றார் அங்கிருந்த ரைட்டர்.

பரணிலிருந்து இறக்கினால் துப்பாக்கி முழுக்கத் துரு. நம்பர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தேவேந்திரனுக்குத் துருவைக் கண்டால் ஒரே ஒரு வைத்தியம்தான் தெரியும். எமரித்தாளை எடுத்தார். இன்ஜின் தண்டைத் தேய்க்கிற அதே கைப்பழக்கத்தில் ஒரு காலை முழுக்கத் தேய்த்தார். துப்பாக்கி வெள்ளி டம்ளர் மாதிரி மின்னியது. நம்பர் இல்லை.

மறுநாள் என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நம்பரப் படிக்கத்தான்ணா தேச்சேன். படிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லாம பூடுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சட்டப் புத்தகத்தைப் புரட்டியதும் அது நின்றுவிட்டது. துப்பாக்கியின் நம்பரை அழிப்பது ஜெயிலுக்குப் போகிற குற்றம். யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்தார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வைத்திருந்தாலும் மாட்டுவார், கொண்டுபோய்க் கொடுத்தாலும் மாட்டுவார்.

"ஏரில போட்டுடட்டா?"

"லைசென்ஸ் ஆபீஸ்ல பதிவாகி இருக்குது. துப்பாக்கி எங்கன்னு கேட்டா ஏரியவா காட்டுவ?"

"அப்ப நான் இன்னாதான்ணா பண்றது? என்னால எம் பொண்ணு வேல போவக் கூடாது."

இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். அந்த இடத்தில் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வக்கீலைக் காட்டிவிட்டிருக்க வேண்டும். என் திமிர் விடவில்லை. "துரு தின்னுடுச்சுனு எழுதிடலாம்" என்றேன்.

"அது பளபளன்னு கீதேண்ணா!"

"உங்க ஊர்ல துருவுக்கா பஞ்சம்?"

வாழ்நாளெல்லாம் துருவோடு சண்டை போட்ட மனிதர், அன்றிலிருந்து துருவை வளர்த்தார். ஈரச் சாக்கில் சுற்றி, வேளைக்கு வேளை கடல்தண்ணீர் தெளித்தார். கூரைமேல் காற்றுக்கு வைத்தார். ஏணியில் நின்று தெளிப்பதைப் பூவிழி பார்த்துவிட்டாள்.

"நைனா, அங்க இன்னா பண்ணிகினு கீற?"

"ஒண்ணுமில்லமா. நீ போய்ப் படி."

படிக்க இனி என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. ஆனால் அன்று முதல் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். பதினைந்தாம் நாள் குழல் சிவப்பேறியது. நான் எழுதிய மனுவில் தேவேந்திரன் கையெழுத்துப் போட்டார். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "துரு தின்னா பரவால்ல. லேபுக்கு அனுப்பினா நம்பர எடுத்துடுவாங்க" என்றார்.

இரும்பில் எழுத்தை வெட்டும்போது அதன் அழுத்தம் அடி வரைக்கும் இறங்கிவிடுமாம். மேலே தேய்த்துவிட்டாலும் மருந்து ஊற்றினால் திரும்பத் தெரியுமாம். இது எனக்குத் தெரியாது. எல்லாம் தெரிந்தவன் நான்!

லேபில் நம்பர் வந்தது. லைசென்சோடு சரியாகப் பொருந்தியது. கூடவே, எமரி போட்டுத் தேய்த்த கோடுகளும், அதன்மேல் புதிதாக ஏற்றிய உப்புத் துருவும் அறிக்கையில் வந்தன. முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால், தெரியாமல் செய்த தப்பு என்று பேச இடம் இருந்திருக்கும். இப்போது நம்பரை அழித்து, அதை மறைக்கப் பொய் மனுவும் கொடுத்தவர் ஆகிவிட்டார். கேஸ் பதிவானது. அதே வாரம் விசாரணைக்கு வந்தவர்கள் பூவிழியின் வேலைக் காகிதத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

ஜாமீனில் வந்த தேவேந்திரன் கடலுக்குப் போகவில்லை. இன்ஜின் துருப்பிடித்துக் கிடக்கிறது என்று குப்பத்திலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அவர் என்னைத் தேடி வந்து திட்டுவார் என்று தினமும் பயந்துகொண்டிருந்தேன். வரவில்லை. அது அதைவிட மோசமாக இருந்தது.

போன திங்கட்கிழமை பூவிழி வந்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவள் உட்காரவில்லை.

"மனு யார் எழுதினதுன்னு ஸ்டேஷன்ல எத்தினியோ வாட்டி கேட்டாங்க மாமா. நைனா சொல்லல. யாரோ பஸ் ஸ்டாண்டுல எழுதிக் குடுத்தாங்கன்னுட்டாரு."

மேஜைமேல் இருந்த மனுக்கட்டை ஒதுக்கி வைத்தேன்.

"தேச்சது நைனா. துரு ஏத்தச் சொன்னது நீங்க. போன்ல நம்பரப் பாக்கச் சொன்ன ரைட்டரு இப்ப ஞாபகம் இல்லன்றாரு. வக்கீல் இன்னா சொல்றாருன்னா, ஒப்படைக்கத்தான் தேச்சாருன்றதுக்கு சாட்சி உங்க ஒருத்தரத் தவிர வேற ஆள் இல்லையாம். எழுதிக் குடுத்தா உங்க மேலயும் கேஸ் வரும். தெரிஞ்சுதான் கேக்கறேன்."

அவள் குரல் உயரவில்லை. நல்ல போலீஸாக வந்திருப்பாள். வெள்ளைத்தாளை எனக்கு முன்னால் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். வரிசையில் நின்ற பட்டாக்காரர் நேரமாகிறது என்று முணுமுணுத்தார். அவரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தேன். அனுப்புநர் என்று எழுதி, கீழே, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, என் பெயரை எழுதினேன்.