பால் ஜாயின்ட்டும் கறிவேப்பிலைச் செடியும்

செருப்பு வார் அறுந்ததற்காகப் புதுச் செருப்பு வாங்குவதை அப்பா ஊதாரித்தனம் என்பார். வார் மாற்றுவார். மாற்றிய வாரும் அறுந்தால் ஊக்கு குத்திக்கொண்டு காந்தி மார்க்கெட் வெங்காய மண்டிக்கு வேலைக்குப் போய்விடுவார். குடையிலும் கம்பி மாற்றி, துணி மாற்றி, இப்போது கைப்பிடி மட்டும்தான் பழசு என்று அம்மா கேலி செய்வாள். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒருநாள் மெக்கானிக் ஷெட்டில் நின்றுகொண்டு, "பார்ட் பார்ட்டா எல்லாம் வேணாங்க. ரெண்டு பக்கமும் முழு ஆர்மையே புதுசா போட்டுடுங்க" என்றார். எனக்கு மயக்கம் வராத குறை.

வண்டி அம்மாவுடையது. ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, காவிரிப் பாலம் தாண்டி, புத்தூரில் ஒரு பள்ளியில் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடும் வெள்ளை வேன். நான் எங்கள் தெருவுக்குப் பக்கத்துப் பள்ளியிலேயே படித்ததால் அம்மாவுக்கு முன்பே வீடு வந்துவிடுவேன். விடியுமுன் மண்டிக்குப் போன அப்பாவும் மத்தியானமே திரும்பி, சோபாவில் கண்ணை மூடிக் கிடப்பார். தெருமுனை வேகத்தடையில் வேன் ஏறி இறங்கும்போது முன்சக்கரத்துப் பக்கம் டொக்கென்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் எழுந்துபோய் காபிக்குப் பால் வைப்பார். அம்மா உள்ளே வரவும் டம்ளர் வரவும் சரியாக இருக்கும். பழைய வண்டி, அப்படித்தான் கத்தும் என்று எல்லோரும் விட்டுவிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வேனில் மார்க்கெட் பக்கம் போனோம். பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி டொக், டொக் என்றது. அப்பா ஜன்னல் வழியே முன்சக்கரத்தை எட்டி எட்டிப் பார்த்தார். பாலம் இறங்கியதும் நேரே ஷெட்டுக்கு விடச் சொன்னார். மெக்கானிக் அண்ணன் ஜாக்கி வைத்துத் தூக்கி, முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். சக்கரத்தையும், அதைத் தாங்கும் ஆர்ம் என்ற இரும்புக் கையையும் சேர்க்கிற குமிழ்தான் பால் ஜாயின்ட். அது தேய்ந்து ஆட்டம் கொடுத்திருந்தது. இப்படியே ஓட்டினால் என்றைக்காவது கழன்று, ஓடும்போதே சக்கரம் சாய்ந்துவிடும் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். அப்பா முழு ஆர்ம் பேச்சை எடுத்தது அப்போதுதான்.

அம்மா குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். ஆர்ம் வளையாமல் இருக்கிறதா, இந்த வண்டியில் ஜாயின்ட்டை மட்டும் தனியாக மாற்ற முடியுமா, மாற்றினால் பயமில்லாமல் ஓட்டலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் அண்ணன் தலையாட்டினார். அம்மா அப்பா பக்கம் திரும்பினாள்.

"கேஸ்கட் போச்சுன்னா குக்கரையா தூக்கிப் போடுறோம்?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அப்படின்னா நாளையிலேருந்து வண்டி பாலத்தைத் தாண்ட வேணாம்" என்றார்.

அம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. பாலம் தாண்டாவிட்டால் பள்ளி இல்லை, பள்ளி இல்லாவிட்டால் வேனும் இல்லை. சொந்தக்காரர்கள் சிரிக்கச் சிரிக்கப் பழகி, லைசென்ஸ் எடுத்து, அவள் ஆசையாக ஓட்டிக்கொண்டிருந்த வண்டி அது. செருப்புக்கு ஊக்கு குத்துகிறவருக்கு இதில் மட்டும் என்ன திடீர் ஜம்பம் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அம்மா சண்டை போடவில்லை. இரண்டு பக்கமும் புது ஜாயின்ட் போடச் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். பழையதைக் கழற்றி, புதியதை அழுத்திப் பொருத்தி, வீல் அலைன்மென்ட்டும் பார்த்து முடித்ததும், "ஏறுங்க" என்றாள். பாலத்தின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பினோம். அப்பா மேல்கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏதாவது கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கல" என்றார் அப்பா. கொஞ்ச தூரம் போன பிறகு, "சரி, ஓட்டு. பாத்து ஓட்டு" என்றார். தோற்றுப்போன கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா ஜெயித்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் சாயங்காலம் வேகத்தடை வாயைத் திறக்கவில்லை. அம்மா உள்ளே வந்து நின்றபோது அப்பா சோபாவிலேயே கிடந்தார். காபியும் இல்லை. அதற்கடுத்த நாளிலிருந்து அவருக்குச் செடிப் பைத்தியம் பிடித்தது. நான் பள்ளியிலிருந்து வரும்போதே வாசல் கேட் அருகில் நின்றுகொண்டு தொட்டிக் கறிவேப்பிலைக்குச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். கண் என்னவோ தெருமுனையில் இருக்கும். வேன் திரும்பியதுதான் தாமதம், சொம்பை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடுவார். பாலத்தில் நெரிசலாகி அம்மா வர நேரமான ஒரு சாயங்காலம், தொட்டி வழிந்து வாசலெல்லாம் சேறு.

செடி தாங்குமா? இலை மஞ்சளாகிக் கொட்ட ஆரம்பித்தது. அப்பாவுக்குச் செடி வளர்க்கவே தெரியவில்லை, ஊற்றி ஊற்றியே கொன்றுவிடுவார் என்று அம்மாவிடம் கோள் மூட்டினேன். எந்நேரம் ஊற்றுகிறார் என்று கேட்டாள். நீ வருகிறவரைக்கும்தான் என்றேன். அம்மா தொட்டி மண்ணைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு திரும்பித் தெருமுனையைப் பார்த்தாள்.

"ஆமாண்டி, உங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். 

மறுநாள் முதல் வேகத்தடையில் ஏறும்போது அம்மா ஹாரன் அடிக்க ஆரம்பித்தாள். அப்பா சோபாவுக்குத் திரும்பினார், காபி நேரத்துக்கு வந்தது, கறிவேப்பிலை துளிர்த்தது. எனக்குத்தான் தெருவில் மானம் போயிற்று. ஒரு நாய்கூடக் குறுக்கே வராத தெருவில் எதற்கும்மா ஹாரன் அடிக்கிறாய் என்று ரொம்ப நாள் அவளிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.