ஆணியடித்த ஜன்னல்

துணி வெட்டும் கூடத்தில் யாராவது ஜன்னலைத் திறந்தால் சண்டைதான். காற்று பட்டால் அடுக்கி விரித்த துணி நகர்ந்துவிடும், வெட்டு கோணலாகிவிடும். மனுஷர் மூச்சு முட்டினால் பரவாயில்லை, துணி அசையக்கூடாது! பஞ்சுத் தூசியும் பத்துப் பேர் இருமலும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

வெட்டுக்காரி அங்கே நோயை வாங்கினாளோ, வீட்டில் வாங்கினாளோ, யார் கண்டது? வீடும் ஒரே அறை. மூலையில் புருஷன் சிகரெட் ஊதுவான். சோற்றில் முதல் பங்கு அவனுக்கு, அப்புறம் மாமியாருக்கும் மகளுக்கும். சட்டியில் ஒட்டியது இவளுக்கு.

காசநோய் என்று தெரிந்ததும் மாமியார் அவள் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தாள். புருஷன் செய்தது அதைவிடப் பிரமாதம். இருமல் தெருவுக்குக் கேட்டால் மானம் போய்விடுமாம், ஜன்னலை மூடி ஆணியடித்தான்.

அவள் கவலையெல்லாம் பக்கத்தில் படுக்கும் மகளைப் பற்றித்தான்.

"பாப்பாவுக்கு ஒட்டிக்காதுல்ல?"

"அதான் தட்டு தனியா இருக்கே. சும்மா நச்சரிக்காதே" என்றான் புருஷன்.

அவளும் நம்பித் தொலைத்தாள். மாத்திரையை ஒருநாள் விடாமல் போட்டாள், உடம்பு தேறியது. ஆனால் மகள் இரும ஆரம்பித்தாள். சளியைச் சோதித்ததில் அவளுக்கும் அதே நோய்.

வீட்டுக்கு வந்த நர்ஸம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். "தட்டு என்னம்மா பாவம் பண்ணுச்சு? இது காத்துல தொத்துற நோய். ஜன்னலுக்கு ஏன் ஆணி?"

மாமியார் பெருமூச்சு விட்டாள். "எல்லாம் எங்க தலையெழுத்து."

வெட்டுக்காரி எழுந்து ஜன்னலுக்குப் போனாள். "தலையெழுத்தா? உங்க பிள்ளை அடிச்ச ஆணி அத்தை அது!"

சுத்தியலை எடுத்து ஆணிகளைப் பிடுங்கினாள். ஒன்று வளைந்து கையைக் கிழித்தது, விடவில்லை.

"ஏய், தெருவே பாக்குதுடி!" மூலையிலிருந்து புருஷன் கத்தினான்.

"பாக்கட்டும். நீ அந்தச் சிகரெட்டைத் தூக்கிட்டு வெளிய போ. இன்னிக்கு முதல் சோறு பாப்பாவுக்கு."

ஜன்னல் திறந்தது. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா சத்தம்? யாருக்கு இருமல்?"

"எனக்கு டிபி வந்துச்சு. இப்ப என் பொண்ணுக்கு. மருந்து சாப்பிட்டா சரியாயிடும். உங்க வீட்லயும் யாராவது இருமினா கூட்டிட்டுப் போய்க் காட்டு, மூடி வைக்காதே!"

எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. சாத்திய பிறகு உள்ளே ஒரு குழந்தை விடாமல் இருமியது.