கதவு திறக்கும் நேரம்

எங்கள் குவார்ட்டர்ஸில் அழைப்பு மணிக்குத் தனியாக ஒரு சுவிட்ச் இருந்தது. என் கணவர் இரவு ஷிப்ட் முடித்து வந்து படுத்ததும் அதை அணைத்துவிடுவேன். பகலில் யார் தட்டினாலும் திறப்பதில்லை. பக்கத்து வீட்டிலும் அப்படித்தான், எதிர் வீட்டிலும் அப்படித்தான். நெய்வேலியில் பிறந்து வளர்ந்த என் மகனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பொறியியல் படித்துவிட்டு, சுரங்கத்தில் பெர்மனன்ட் வேலைக்குக் காத்திருந்து, கான்ட்ராக்டும் அமையாமல், கடைசியில் அவன் டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் ஷட்டர் போட்ட ஒரு கடையை வாடகைக்குப் பிடித்தான். இணையத்தில் பொருள் வாங்குவது எங்கள் ஊரில் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. ஒரு கூரியர் நிறுவனத்தின் வண்டி சென்னையிலிருந்து வந்து காலையில் மூட்டைகளை இறக்கிவிட்டுப் போகும். அவனும், முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வேலைக்கு வரும் ஒருவரும் அவற்றைப் பிரித்து டவுன்ஷிப்புக்குள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

நிறுவனம் கொடுத்த கைபேசி, அடுத்தடுத்த வீடுகளாக வழி போட்டுக் காட்டும். அதன்படி போன முதல் வாரங்களில் பாதிப் பார்சல் திரும்பி வந்தது. ஒரு வீட்டில் தூக்கம், அடுத்த வீட்டில் பூட்டு. பிறகு அவன் பார்சல்களை பிளாக் வாரியாக அடுக்குவதை விட்டு ஷிப்ட் வாரியாக அடுக்கினான். கடைத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டிருந்தான். இரவு ஷிப்ட்காரர் வீட்டுக்கு மாலையில், இரண்டாம் ஷிப்ட் வீட்டுக்குக் காலையில், முதல் ஷிப்ட் என்றால் அவர்கள் வந்து சாப்பிட்ட பிறகு. வாரம் மாறினால் கட்டமும் மாறும். ஒரே தெருவுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருந்தது. ஆனால் பார்சல் திரும்பவில்லை.

யாருக்கு எந்த ஷிப்ட் என்று தெரிந்துகொள்வதுதான் பெரும்பாடு. நான் சாப்பாடு கொண்டுபோன ஒருநாள் முத்தாண்டிக்குப்பத்துக்காரர் அவனிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

"உங்க வூட்டுக்காரரு இந்த வாரம் எந்த ஷிப்டுங்கன்னு கேட்டா, பொம்பளைங்க மேலயும் கீழயும் பாக்குறாங்க தம்பி. நீ கேட்டா, படிச்ச புள்ள விவரம் கேக்குது. நான் கேட்டா, நோட்டம் பாத்துக்கினு இருக்கேனாம்."

அன்று மகனோடு நானும் சிரித்தேன். என் மனத்தில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கணவர் ஓய்வு பெற அதிக நாள் இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். இந்தத் தொழில் நிலைத்துவிட்டால் வடக்குத்திலேயே வீடு பார்த்து மூவரும் ஒன்றாக இருக்கலாம். இல்லையென்றால் பிள்ளை ஊரைவிட்டுப் போய்விடுவான். போனவர்கள் யார் வீட்டிலும் திரும்பி வந்ததாகத் தெரியவில்லை.

கடலூர், குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கிடங்கு வைப்பது பற்றி மேலிடம் யோசிப்பதாகச் செய்தி வந்தது. பின்னாலேயே ஓர் அதிகாரி வந்தார். என் மகன் வயதுதான் இருக்கும். நான் சாப்பாட்டுப் பையோடு ஓரமாக நின்றுகொண்டேன். அவர் லேப்டாப்பில் வரைபடத்தைத் திறந்தார். பார்சல் போகும் இடமெல்லாம் புள்ளிகள். எல்லாவற்றுக்கும் நடுவில், குள்ளஞ்சாவடி அருகே, சிவப்பாக ஒன்று. அங்கே கிடங்கு இருந்தால் வண்டிகள் ஓடும் தூரம் மிகக் குறையும் என்றார். எங்கள் கடையின் வண்டிதான் எல்லாரையும்விட அதிகம் ஓடுகிறது என்றும் காட்டினார்.

"வீணா சுத்தல சார். அந்தந்த நேரத்துக்குப் போனாத்தான் கதவ தெறப்பாங்க," என்றான் என் மகன்.

அவர் வரைபடத்தைப் பெரிதாக்கி எங்கள் தெருக்களைப் பார்த்தார்.

"புரியுது பிரதர். ரிட்டர்ன் கம்மின்னு நானும் எழுதுறேன். ஆனா இதுல கதவுக்கு எடமில்ல."

நல்ல மனிதர். என்னையும் அம்மா என்றுதான் கூப்பிட்டார். எழுதியும் இருப்பார். அந்த மாதக் கடைசியில் கடையை மூடச் சொல்லிவிட்டார்கள்.

மகனுக்குக் குள்ளஞ்சாவடிக் கிடங்கில் டெலிவரி வேலை கொடுத்தார்கள். லாரிகள் விரையும் கடலூர் சாலையில் முதுகில் அவ்வளவு பெரிய பையோடு அவன் போவதை நினைத்து நான் எந்த வேலையும் செய்ய முடியாமல் கிடப்பேன். அங்கிருந்து கிளம்பி டவுன்ஷிப் வந்து சேரும்போது முக்கால்வாசி வீடு தூக்கத்திலோ பூட்டியோ இருக்கும். மறுபடி வர முடியாத தூரம். திரும்பிய பார்சலெல்லாம் அவன் பெயரில் ஏறியது. சரியாக வேலை செய்யாதவன் என்று அவனை நிறுத்தியபோது, அவன் சரி என்று பையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். அதுதான் என்னை இன்றும் உலுக்குகிறது.

இப்போது சென்னைக்கு அருகே ஒரகடம் பக்கம் பெரிய கிடங்கு ஒன்றில் இருக்கிறான். என்ன வேலை என்று போனில் கேட்டேன்.

"கையில ஒரு மெஷின் குடுத்திருக்காங்கம்மா. எந்த ரேக்குக்குப் போகணும், அங்கேருந்து எங்க போகணும், எல்லாம் அதுவே காட்டும். நாம யோசிக்க ஒண்ணுமில்ல."

"சாப்டியாப்பா?"

"அதுக்கும் அது விடணும்."

கேலியாகச் சொன்னானா என்று தெரியவில்லை. சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை.

கணவர் ஓய்வு பெற்றதும் வடக்குத்தில் மூன்று பேருக்கென்று பார்த்து வைத்திருந்த வீட்டுக்கே குடிவந்தோம். இரண்டு பேருக்கு எதற்கு இத்தனை அறை, சின்னதாக வேறு பார்க்கலாம் என்கிறார் அவர். மகனுக்கென்று ஒதுக்கிய அறையை நான் தினமும் பெருக்கிவிடுகிறேன்.