வாசலை மறித்தவர்கள்

நான் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க வரலாறு கற்பித்தவன். சுதந்திரப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய மாசசூசெட்ஸ் விவசாயிகள், கடனுக்கு நிலம் பறிபோவதைப் பொறுக்காமல் நீதிமன்ற வாசல்களை மறித்ததைச் சொல்லும்போது என் குரல் தானாக உயரும். அதில் மிரண்ட கனவான்கள் பிலடெல்பியாவில் கோடைப் புழுக்கத்திலும் சன்னல்களை அடைத்துக்கொண்டு அரசியலமைப்பை எழுதினார்கள் என்றால் மாணவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவில் எங்கள் தமிழ்ச் சங்கம் வில்லரே என்ற பகுதியில் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தது. நிர்வாகம், தமிழ்நாட்டிலிருந்து முன்பே வந்துவிட்ட எங்களிடம். பொங்கலுக்கு அண்டா தூக்கியவர்கள், இலங்கையிலிருந்து வந்த அகதிகள். எழுதிய விதி எதுவும் இல்லாமலே அவர்களுக்கு வாக்கு இல்லை. ஆண்டுக் கூட்டத்தன்று அவர்கள் வாசலில் கைகோத்து நின்றார்கள். முன்னால் நின்றவர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் திருகோணமலைக்காரர். பனியில் சிக்கிய என் காரைப் பலமுறை தள்ளிவிட்டவர். அவருடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை.

"சேர், சமைக்கிறது நாங்கள், கை உயர்த்திறது நீங்களோ?" என்றார்.

"விடுங்கோ அண்ணை, சேருக்குக் கை உளையப்போகுது," என்றார் பின்னால் நின்றவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பயம்தான் வந்தது.

அந்த வாரமே என் வீட்டில் நான்கு பேர் கூடினோம். "நேத்து வந்தவங்க சார், இன்னிக்கு நாற்காலி கேக்கறாங்க. நீங்கதான் படிச்சவர், எழுதுங்க," என்றார் ஒரு மருத்துவர். கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவரே உறுப்பினர் என்று எழுதினேன். கும்பலின் கையில் அதிகாரம் போகக்கூடாது என்று பிலடெல்பியாக் கனவான்கள் வாதிட்டதையே நானும் வாதிட்டேன். மனைவி தேநீர் கொண்டுவந்தபோதுகூடப் பேச்சை நிறுத்திக்கொண்டோம்.

அடுத்த குளிர்காலத்தில் திருகோணமலைக்காரர் என்னைத் தேடி வந்தார். "வழக்கு விசாரணைக்கு வருது, சேர். சங்கத்தின்ர பேரில ஆராவது வந்து, இவரை எங்களுக்குத் தெரியும் எண்டு ஒரு வார்த்தை சொன்னாக் காணும்."

"நீங்க உறுப்பினர் இல்லையே," என்றேன். "விதி அப்படி இருக்கு."

"விதியை எழுதினது நீங்கள்தானே சேர்?"

சங்கத்தின் பெயரில் வேண்டாம், தனி மனிதனாகப் போயிருக்கலாம். போனால் என் விதி தவறு என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். விசாரணை நாளில் எனக்கு வகுப்புகூட இல்லை. வீட்டில்தான் இருந்தேன்.

வழக்குத் தோற்றது. அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொழும்பில் இறங்கியவரைப் பற்றி அதன்பின் இங்கே யாருக்கும் தகவல் இல்லை. விசாரித்துப் பார்க்க எனக்கு வழிகள் இருந்தன. விசாரிக்கவில்லை. பதில் கிடைத்துவிடுமோ என்ற பயம் இன்றைக்கும் இருக்கிறது.