ஒரு கால்கூட மிஸ் ஆகாது

போன மாதம் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத் தேங்காய் உடைத்தோம்.

மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். கீபோர்டுக்கு ஒரு முழம் பூ. கற்பூரம் மட்டும் வேண்டாம் என்று மேனேஜர் தடுத்துவிட்டார். வயர் பற்றிக்கொள்ளுமாம்.

சேதராப்பட்டில் பைப் செய்கிற கம்பெனி. நான் அங்கே வேன் ஓட்டுகிறேன். கம்ப்யூட்டர் எங்களுக்குப் புதிதில்லை. அதைக் கொண்டுபோய் டெலிபோனோடு இணைத்துவிட்டார்கள் – அதுதான் புதிது.

இனிமேல் வெளியிலிருந்து வரும் போனை மனுஷர் எடுக்க மாட்டார். கம்ப்யூட்டர் எடுக்கும். வணக்கம் சொல்லும். எந்த நம்பர் என்று திரையில் காட்டும். யாருக்குப் போக வேண்டுமோ அங்கே அனுப்பும். நாம் எவ்வளவு நேரம் பேசினோம் என்று மேனேஜரிடம் போட்டுக் கொடுக்கும்.

மேனேஜர் தன் செல்லிலிருந்து ஆபீசுக்கு அடித்துக் காட்டினார். திரையில் அவர் பெயரே வந்தது. மேனேஜரை மேனேஜர் கூப்பிடுகிறார் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டது... எல்லோரும் கை தட்டினோம்.

தமிழுக்கு ஒன்றை அழுத்தவும். இங்கிலீஷுக்கு இரண்டு. பிரெஞ்சுக்கு மூன்று.

"பிரெஞ்சு எதுக்கு சார்?" என்றார் ஜோஸ்பின். பல வருஷமாக எங்கள் போனை எடுப்பவர்.

"பாண்டிச்சேரி ஆச்சே மேடம். ஒரு கெத்து வேணாமா?"

"எங்க பெரியப்பா பிரான்சுலேருந்து பென்ஷன் வாங்குறாரு சார். அவரே பைப்புன்னா தமிழ்லதான் கேப்பாரு."

மேனேஜர் காதில் வாங்கவில்லை. ஜோஸ்பின் தலையில் ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டார். விமானம் ஓட்டப் போகிறவர் மாதிரி இருந்தார். ஆனால் கம்ப்யூட்டர் கொடுத்தால்தான் அவர் பேச வேண்டும். தானாக எடுக்கக் கூடாது.

"முதல் ரிங்லயே எடுத்துடும். இனிமே நம்ம கம்பெனிக்கு ஒரு கால்கூட மிஸ் ஆகாது!" என்றார் மேனேஜர்.

அங்கேதான் தொடங்கியது வினை.

எங்கள் ஆட்களின் வீட்டிலிருந்து ஆபீசுக்கு யாராவது பேசியிருக்கிறார்களா? கிடையாது. மிஸ்டு கால்தான். ஒரு ரிங்கோடு நின்றால் ஸ்டோர்ஸ் குமார் வீடு. இரண்டு என்றால் என் வீடு – வரும்போது பால் வாங்கி வா. ஜோஸ்பின் போனைத் தொடவே மாட்டார். எண்ணிக்கொண்டு, ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணா, பாலு!" என்பார். முடிந்தது. பெட்டிக்கடை போனில் போட்ட காசும் திரும்பி விழுந்துவிடும்.

மூன்று ரிங் ஏழுமலைக்கு.

ஏழுமலை மிஷின் ஓட்டுகிறவன். முத்தியால்பேட்டையில் வீடு. மனைவி செல்விக்கு நிறைமாதம். முதல் பிரசவத்தில், ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட இவன் போய்ச் சேர்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. பிள்ளை தங்கவில்லை.

அதனால் இந்தத் தடவை ஏற்பாடு பலமாக இருந்தது. செல்போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அது உதவாது. வலி எடுத்ததும் பெட்டிக்கடையிலிருந்து மூன்று ரிங். ஜோஸ்பின் சொன்னால் நான் வேனை எடுப்பேன்.

"அண்ணே, மூணு ரிங்கு. மறந்துடாதீங்க" என்று தினமும் சொல்வான்.

"நீ மறக்காம வண்டியில ஏறு, போதும்" என்பேன்.

முதல் ரிங்கிலேயே எடுத்துவிடும் ஒன்றுக்கு மூன்று ரிங் எப்படி அடிப்பது? எனக்குத் தோன்றவில்லை. ஜோஸ்பினுக்கும் தோன்றவில்லை. கை தட்டுவதில் மும்முரமாக இருந்தோம்.

மூன்றாம் நாள் மத்தியானம். வேனுக்கு கேட் பாஸ் வாங்க ஆபீசுக்குள் போனேன். ஜோஸ்பின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரே நம்பர் திரும்பத் திரும்ப வருது. வணக்கம்னு சொன்னதும் வச்சுடுறாங்க."

மேனேஜர் ஓடி வந்தார். அந்த நம்பருக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்து மின்னியது. இத்தனை முறை கூப்பிட்டால் கம்ப்யூட்டர் தானாகவே 'முக்கியமான கஸ்டமர்' என்று போட்டுவிடுமாம்.

"பாத்தீங்களா? பழைய போனா இருந்தா இந்தப் பார்ட்டிய விட்டுருப்போம். பெரிய ஆர்டர் போல. அவசரத்துல இருக்காங்க."

அவசரம்தான்.

ஒரு பட்டனைத் தட்டினார். கம்ப்யூட்டரே அந்த நம்பரைத் திருப்பிப் போட்டது. கஸ்டமரிடம் எப்படிப் பேசுவது என்று நாங்களும் கற்றுக்கொள்ள ஸ்பீக்கரைப் போட்டார்.

"வணக்கம்! உங்களுக்கு என்ன சைஸ் பைப் வேணும்?"

அந்தப் பக்கம் ஒரு பொம்பளைக் குரல்.

"யோவ், என்னா பைப்பு? எத்தினி காசுய்யா முழுங்குவீங்க? போட்டா வணக்கம், போட்டா வணக்கம்... இங்க செல்விக்கு வலி எடுத்து ஆட்டோல ஏத்தியாச்சு. ஏழுமலைய அனுப்புய்யா மொதல்ல!"

பெட்டிக்கடை அக்கா.

திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது. ஆர்டர் கிடைத்ததா? ஆம், இல்லை. மேனேஜர் மவுசைப் பிடித்தபடி யோசித்தார். சத்தியமாக யோசித்தார்.

ஜோஸ்பின் ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு மிஷின் பக்கம் ஓடினார். கேட் பாஸ் இல்லாமல் நான் வண்டியை எடுத்தேன்.

ஏழுமலை வழியெல்லாம் டேஷ்போர்டில் கையை ஊன்றிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிற்பதற்குள் குதித்தான்.

வராந்தாவில் நர்ஸ் கத்திக்கொண்டிருந்தார். "செல்வி புருஷன் யாருப்பா? கையெழுத்துப் போட ஆள் இல்லையா?"

இருந்தான். போட்டான்.

பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம்.

மறுநாள் மேனேஜர் என்னிடம் கேட் பாஸைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் பைப் சைஸைப் பற்றிக் கேட்கவில்லை. கம்ப்யூட்டரை மாட்டிய ஆளை அவரே வரவழைத்தார். இப்போது நான்காவது ரிங்கில்தான் அது எடுக்கிறது. வாடிக்கையாளர் மூச்சு விட்டுக்கொள்ள நேரம் தருகிறோம் என்று சென்னை ஆபீசுக்கு எழுதியிருக்கிறார். நல்ல விளக்கம். மெச்சிக்கொண்டார்களாம்.

மனுஷர் எடுத்தபோது எங்களுக்குப் பேசவே தேவை இருக்கவில்லை. பேசுகிற ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வந்தோம். அதற்கு வாயை மூடிக்கொண்டிருக்கக் கற்றுக்கொடுக்க மறுபடி காசு. முன்னேற்றம் என்பது இதுதானா... எனக்குத் தெரியவில்லை. நான் வேன் ஓட்டுகிறவன்.

நேற்று மூன்று ரிங் வந்து நின்றது. செல்விதான். பிள்ளைக்கு கிரைப் வாட்டர் வேண்டுமாம். பெட்டிக்கடை நம்பருக்குப் பக்கத்தில் இன்னும் சிவப்பு எழுத்து மின்னுகிறது – முக்கியமான கஸ்டமர்.

அந்தக் கம்ப்யூட்டர் இதுவரை சொன்னதில் அது ஒன்றுதான் சரி.