கால்மீன் தொட்டியில் விழுந்த பொரி

மலைமேல் அரியூர் நாட்டில் பழனாயியைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். அவள் முறைத்துப் பார்த்தால் மிளகுக்கொடி ஒரு முழம் ஏறிவிடும் என்பது ஒன்று. அவள் காட்டில் விளைந்த மரவள்ளியைப் பிடுங்கப் போன மூன்று பேரையும் கிழங்கு உள்ளே இழுத்துக்கொண்டது என்பது இன்னொன்று. இவற்றை நம்பாமல் போனாலும் குற்றமில்லை. கால்மீன் கதையை மட்டும் நம்பித்தான் ஆகவேண்டும், அது நடந்தது.

பழனாயியின் புருஷன் சின்னுசாமி வருஷா வருஷம் பொங்கல் முடிந்ததும் குடகுக்கு மிளகு பறிக்கப் போய்விடுவான். மேஸ்திரி கந்தப்பனின் வேன் ஊர் முனையில் வந்து ஹாரன் அடிக்கும். ஏறினால் ஆடியில்தான் இறங்குவான். ஒரு வருஷம் ஏணி சறுக்கி, தோள்பட்டை இறங்கி வந்து சேர்ந்தான். அந்தத் தோளோடேயே அடுத்த தையில் மறுபடி ஏறினான். அன்றிலிருந்து எங்கே ஹாரன் கேட்டாலும் பழனாயி கைவேலையைப் போட்டுவிட்டு ஊர் முனையைப் பார்ப்பாள். இன்னொரு தடவை இந்த மனுஷனை அந்த வேனில் ஏற்றக்கூடாது என்று மனசில் முடிச்சுப் போட்டுவிட்டாள். எப்படி என்பதுதான் தெரியவில்லை. கிழங்கும் சாமையும் விளைகிற துண்டுக்காடு இரண்டு பேரையும் வருஷம் முழுக்கத் தாங்காது.

அந்த நேரத்தில்தான் அடிவாரத்துக் காரவள்ளியில் வண்ணமீன் வளர்த்து விற்கிற தனபால் மலை ஏறி வந்தார். அவரிடம் ஆக்ஸலாட்டில் என்று ஓர் உயிர் இருந்தது. மீன்போல வால், பல்லிபோல நாலு கால், கழுத்தோரம் பூங்கொத்துப் போலச் செவுள், எந்நேரமும் சிரிக்கிற மாதிரி ஒரு வாய். ஊர்க்காரர்கள் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்து, நாக்கு சுளுக்கவே கால்மீன் என்று வைத்துக்கொண்டார்கள். அடிவாரத்து வெயிலில் அதன் முட்டைகள் தங்குவதில்லை. குளிர்ந்த தண்ணீர் வேண்டும். பழனாயி வீட்டுப் பின்னால் பாறையிடுக்கில் வருகிற ஊற்றில் தனபால் கையை வைத்தார், வெடுக்கென்று எடுத்தார்.

பேச்சு இப்படி முடிந்தது. ஐப்பசியில் முட்டை தருவார். தைக்குள் அதில் பாதியாவது விற்கிற பக்குவத்துக்கு, நாலு காலும் குறையாமல் தேறினால், ஊற்றடியில் கொட்டகை போட்டு, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் வருஷம் முழுக்க அதிலேயே வேலை.

பழனாயி திரும்பிச் சின்னுசாமியைப் பார்த்தாள். போகப் பிடிக்கவில்லை என்றோ இருக்க ஆசை என்றோ வாய் திறக்கிற ஆள் இல்லை அவன்.

முட்டைகள் தெர்மோகோல் பெட்டியில் வந்தன. காரவள்ளியிலிருந்து வளைவுக்கு வளைவு பஸ் சாய, பெட்டி அவள் மடியில் அசையாமல் இருந்தது. அவளோடு வந்தவர்கள், பஸ்தான் வளைந்தது, பழனாயி நேராகவே வந்தாள் என்று சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால் பாசிக் கொடியில் ஒட்டிய கண்ணாடி மணிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கறுப்புப் புள்ளி.

அகலத் தொட்டிகளில் ஊற்றுத் தண்ணீர் நிரப்பி, வெயில் படாத மூலையில் வைத்தாள். காலையில் எழுந்ததும் முதல் வேலை, வெளுத்துப்போன முட்டைகளைக் கரண்டியால் எடுத்துவிடுவது. உயிரில்லாத முட்டையில் பூசணம் பிடிக்கும், பக்கத்து முட்டைக்கும் தாவும். புள்ளி நீண்டது. அவரைவிதை போல வளைந்தது. வால் வைத்தது. அப்புறம் ஒருநாள் கார்த்திகை மழைக்கு நடுவே மணிகள் வெறும் தோலாகக் கிடக்க, தண்ணீர் முழுக்க ஊசி சொருகியது போலக் குஞ்சுகள் நின்றன.

குஞ்சுகளுக்குக் கண்ணுக்கு முன்னால் அசைகிற தீனிதான் வேண்டும். அசையாதது எதுவானாலும் அவற்றுக்கு அது கல். பழனாயி வரப்போரம் முழங்கால் தண்ணீரில் நின்று, பழைய வேட்டித் துணியால், தண்ணீரில் துள்ளுகிற பொடித் தெள்ளுப்பூச்சி வடித்து வருவாள். நெல்லுக்கு மருந்தடிக்காத வயலாகத் தேடிப் போவாள். தீனி போட்டு, மிச்சத்தை உறிஞ்சியெடுத்து, தண்ணீர் மாற்றுவாள். சின்னுசாமி ஊற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து வைப்பான். குஞ்சுகளுக்கு முன்னங்கால் துளிர்த்தபோது பாதிக்கு மேலேயே தேறியிருந்தன.

மார்கழி நடுவில் குண்டூர் நாட்டில் பழனாயியின் பெரியண்ணன் தவறிவிட்டார். போகாமல் இருக்க முடியாது. தீனி, தண்ணீர் எல்லாம் புருஷனுக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். காரியம் முடித்துத் திரும்பி வந்து தொட்டி மூடியைத் தூக்கினாள். புளித்த கஞ்சி வாடை அடித்தது. தண்ணீர் பால்போலக் கலங்கி, மேலே ஊறி வெடித்த பொரி மிதந்தது. அதற்கடியில் பல குஞ்சுகள் வயிறு மேலாகக் கிடந்தன. எல்லாத் தொட்டியிலும் அப்படித்தான்.

அறப்பளீஸ்வரர் கோயில் ஆற்றில் மீன் பிடிக்கிறவர் இந்த மலையில் கிடையாது. அறுத்துச் சட்டியில் போட்ட மீனும் ஒட்டிக்கொண்டு ஆற்றில் குதித்த இடம் அது என்பார்கள். வேண்டுதல் இருப்பவர்கள் அந்த மீன்களுக்குப் பொரி போடுவார்கள். சின்னுசாமி கோயிலுக்குப் போய் ஆற்றில் பொரி போட்டிருக்கிறான். மிச்சத்தை வெல்லத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, இவையும் மீன்தானே என்று தொட்டிக்கு ஒரு கை போட்டிருக்கிறான்.

பழனாயிக்குத் தொண்டை வரைக்கும் வசவு வந்துவிட்டது. அவன் கதவோரம் நின்று, தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"வேன் வரக்கூடாதுன்னுதான் புள்ள வேண்டிக்கிட்டேன்."

பழனாயி கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தாள்.

"இத்தன வருசத்துல போகப் பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லீங்களே."

"சொன்னா நீ போக விடுவியா? அப்பறம் கஞ்சிக்கு என்ன பண்றது?"

இரண்டு பேரும் தொட்டியடியில் குனிந்தார்கள். உயிரோடு இருந்தவற்றைக் கரண்டியால் ஒவ்வொன்றாக அள்ளி, கழுவிய ஒரே அண்டாவில் புதுத் தண்ணீரில் விட்டார்கள். மற்றத் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவி முடிப்பதற்குள் அண்டாவில் இன்னொரு கேடு நடந்துவிட்டது. பட்டினியில் நெருங்கிக் கிடந்த குஞ்சுகள், பக்கத்தில் அசைந்த காலைத் தீனி என்று கவ்வியிருந்தன. கால் போனவை, வால்நுனி போனவை. இனி ஒன்றோடொன்று சேர்க்கக்கூடாது. வீட்டிலிருந்த டம்ளர், கிண்ணம், படி எல்லாவற்றிலும் ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டாள். அது போதாமல் தெருவிலும் கேட்டு வாங்கினாள். அந்த மாதம் முழுக்க ஊரே உள்ளங்கையில்தான் காப்பி குடித்தது என்று இன்றைக்கும் குறை சொல்கிறார்கள். செத்தவற்றைச் சின்னுசாமி மிளகுக்கொடியடியில் குழி வெட்டிப் புதைத்தான். மண் தள்ளிய பிறகும் வெகுநேரம் அங்கேயே குத்தவைத்திருந்தான்.

தை பிறப்பதற்கு முதல் நாள் தனபால் வந்தார். கிண்ணம் கிண்ணமாகப் பார்த்தார். முழுசாக இருந்தவை பாதிக்குப் பாதிகூட இல்லை. பழனாயி, தவறு நடந்துபோச்சுங்க என்று மட்டும் சொன்னாள். யாருடைய தவறு என்று சொல்லவில்லை. சின்னுசாமிதான் முன்னால் வந்தான்.

"நான்தானுங்க பொரி போட்டேன்."

தனபால் சிரிக்கவில்லை. அவரும் அந்த ஆற்றில் பொரி போட்டவர்தான். ஆனால் பாதி என்று பேசியது பேசியதுதான், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, முழுசானவற்றைக் கவரில் கட்டிக்கொண்டார். கால் போனவற்றை எவனும் வாங்கமாட்டான், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுப்போனார்.

பொங்கல் முடிந்தது. ஹாரன் அடித்தது. சின்னுசாமி அன்றைக்குத் தண்ணீரை மாற்றிவிட்டு, ஈரக்கையோடு போய் வேனில் ஏறினான்.

யாருக்கும் வேண்டாத அந்த நொண்டிக் குஞ்சுகளுக்குப் பழனாயி வரப்புக்குப் போய்த் தீனி வடிப்பதை நிறுத்தவில்லை. மாசியில் ஒரு காலை, கால் போன இடத்தில் கடுகுபோல ஒரு மொட்டைக் கண்டாள். மொட்டு நீண்டு முளையாகி, முளைநுனி பிளந்தது. குடகுக்குப் போன் போட்டாள்.

"முளைச்சிருச்சுங்க."

"எது?"

"காலு."

அந்தப் பக்கம் அவன் ஏணியிலிருந்து இறங்குகிற சத்தம் கேட்டது.

"விரலோடயா?"

"விரலோட."

இது அந்தக் குஞ்சுகளின் பிறவிக்குணம் என்று தனபால் போனில் விளக்கினார். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. அறுத்த மீனை ஒட்டவைத்த சாமியின் வேலை என்று கும்பிட வந்தார்கள், கையில் பொரியோடு. பழனாயி விளக்குமாற்றோடு வாசலில் நின்றாள். பொரியை வாசல் கல்லில் வைத்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு வந்தவர்களைத்தான் உள்ளே விட்டாள்.

கோடையில் தொட்டிக்கு ஈரச்சாக்குப் போர்த்தி, ஊற்றடி நிழலில் அவற்றைக் காப்பாற்றினாள். ஆடியில் சின்னுசாமி வந்தபோது ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைவாக, நாலு காலோடு அவை நடந்தன. அவன் தொட்டியருகே உட்கார்ந்து சாப்பாட்டையே மறந்தான். மார்கழிக் குளிர் ஏறியபோது பாசிக்கொடியில் மணிகள் ஒட்டியிருந்தன. அவர்கள் வீட்டிலேயே பிறந்த முட்டைகள். இந்தத் தடவை தனபால் நிபந்தனை பேசவில்லை. மலைத் தண்ணீரில் தாயும் தகப்பனும் வளர்ந்த முட்டை என்றால் வருஷம் முழுக்கத் தானே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். கொட்டகையைச் சின்னுசாமியே மூங்கில் வெட்டிப் போட்டான்.

தை பிறந்தது. ஹாரன் அடித்தது. சின்னுசாமி கரண்டியில் ஒரு வெளுத்த முட்டையை எடுத்துக்கொண்டிருந்தான். அதை எடுத்து முடித்துவிட்டுத்தான் முனைக்குப் போனான். கந்தப்பனிடம், "இந்த வருசம் வரலீங்க மேஸ்திரி" என்று சொன்னான். வேன் இறக்கத்தில் திரும்பி மறைகிற வரைக்கும் பழனாயி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கே இருவரும் கோயில் ஆற்றுக்குப் போனார்கள். சின்னுசாமி பொரி முழுவதையும் ஆற்று மீன்களுக்குப் போட்டான், பையைக் கவிழ்த்துத் தட்டினான். வீட்டுக்குத் திரும்பியதும் படியேறவில்லை. துண்டை எடுத்து உதறினான், வேட்டி மடிப்பை அவிழ்த்து உதறினான். அதிலிருந்து ஒரே ஒரு பொரி வாசலில் விழுந்தது. அதைக் குனிந்து பொறுக்கி, வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீர் மாற்றப் போனான்.