பேராசிரியர் துடைத்த பாட்டில்

அரியாங்குப்பம் பாலத்து நெரிசலில் பஸ்ஸுக்குள் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது: நானே கடக்கத் திணறும் இந்த ஆற்றை நத்தை எப்படிக் கடக்கும்? பார்வைக்கு ஒன்றானாலும் இரு கரை நத்தைகளும் மரபணுவில் வேறாகியிருக்கலாமே!

மழைக்காலம் முழுக்க நத்தைகளைப் பொறுக்கி, கரைவாரியாக இரண்டு பாட்டிலில் சீட்டு ஒட்டி, எங்கள் விலங்கியல் பேராசிரியரிடம் கொடுத்தேன். கசங்காத சட்டைக்காரர், எதைக் கண்டாலும் கைக்குட்டையால் துடைப்பார். மறுவாரம் மேசையில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிய ஒரே பாட்டில்தான் இருந்தது, சீட்டில்லாமல், பளபளவென்று.

“சார், எது எந்தக் கரைன்னு இப்ப எப்படிக் கண்டுபுடிக்கிறது?”

“ரெண்டும் நத்தைதானேம்மா. பாஸ்போர்ட்டா பாக்கப் போற?”

இவரை யார் பேராசிரியராக்கினார்கள் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. இப்போது நான் நத்தை பொறுக்கிய தென்கரைப் புதரில் வீட்டுமனைக்கல் நட்டுவிட்டார்கள். முதல் மழை விழட்டும், பொக்லைன் வந்து புதரை அழிப்பதற்குள் மறுபடி பொறுக்க நான் அங்கே நிற்பேன். அம்மா எவ்வளவு திட்டினாலும் இம்முறை பாட்டில்கள் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில்தான்.